கல்லுக்குள் இல்லாதது

நான் தலைக்கு எண்ணெய் வைப்பதில்லை, மேடம். மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவன் இப்படி வறண்ட தலையோடு அலையலாமா என்று என் மனைவி ஸ்ரீலக்ஷ்மிக்கு இன்றுவரை குறைதான். "எண்ணெய் காணாத தலையோட கல்யாணத்துக்கு வரேளே, பாக்கறவா என்ன நினைப்பா" என்பாள். கைக்கு க்ரீம் இல்லை, சட்டைக்கு சென்ட் இல்லை. என் வேலை அப்படி.

பல கோடி வருஷங்களுக்கு முன்னால் கடலடியில் படிந்த சேறு இன்று கறுத்த பாறையாக இறுகிக் கிடக்கிறது. அந்தக் கடலில் வாழ்ந்த உயிர்களுக்கு எலும்பும் கிடையாது, ஓடும் கிடையாது. கண்ணுக்கே தெரியாதவை. ஆனால் அவற்றின் உடம்புக் கொழுப்பில் ஒரு துளி, கார்பன் எலும்புக்கூடு மாதிரி, கல்லுக்குள் அப்படியே தங்கிவிடும். மூலக்கூறு புதைபடிவம் என்போம். அதைக் கரைத்து எடுத்து, எந்த உயிரின் கொழுப்பு என்று சொல்வதுதான் கிண்டியில் இருக்கும் எங்கள் ஆய்வகத்தின் வேலை. என் விரல் ரேகையில் உள்ள எண்ணெய் பட்டால்கூட நேற்றைய கொழுப்பு ஆதிகாலத்துக் கொழுப்பாகத் தெரியும். அதனால் நான் சுத்தமான மனிதன். இதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

என் பெயர் வெளியே தெரிந்தது ஒரே ஒரு கல்லால். ஆழ்துளைக் கருவியால் வெட்டி எடுத்த, கை நீள உருளைக் கல். எல்லோரும் நினைத்ததைவிட வெகு காலம் முன்பே சிக்கலான உயிர்கள் தோன்றிவிட்டன என்பதற்குச் சான்றாக அதில் கொழுப்பு இருப்பதாக எழுதினேன். அந்தக் கட்டுரைக்குப் பிறகு வெளிநாட்டில் என்னைப் பேச அழைத்தார்கள். கல்லூரிப் பாடப்புத்தகத்தில் ஒரு பத்தி சேர்ந்தது. மர்சலின் அந்தப் பத்தியைப் படித்துவிட்டுத்தான் என்னிடம் ஆராய்ச்சிக்கு வந்தாள்.

சாந்தோம் பெண். அப்பா காஸ்பர், கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா இல்லை. பட்டம் வாங்கிய பிறகும் எங்கள் ஆய்வகத்திலேயே இருந்துவிட்டாள். என்னிடம் படித்தவர்களில் அவள்தான் சிறந்தவள். இறந்துபோனவள் என்பதற்காகச் சொல்லவில்லை. உயிரோடு இருந்தபோதும் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

அந்தக் கல்லை அவள் வெங்காயம் உரிப்பதுபோல அடுக்கடுக்காக அறுத்தாள். ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியாகச் சோதித்தாள். பிறகு என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"சார், எல்லாம் வெளித்தோல்லதான் இருக்கு. உள்ள போகப் போகக் கொறையுது. நடுவுல ஒண்ணுமே இல்ல. துளை போட்ட மிஷினோட டீசல்தான் சார் ஊறியிருக்கு."

நான் மறுத்துப் பேசவில்லை. உட்காரச் சொன்னேன். அவளே சொன்னாள்: "நாமளே திருத்தி எழுதிடலாம் சார், உங்க பேரை முன்னாடி போட்டு. நாமளே சொல்லிட்டா மரியாதையா இருக்கும்."

நல்ல மனசோடுதான் சொன்னாள். நான் தப்பிக்க ஒரு வழி கொடுத்தாள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. அந்த நடுத்துண்டை நானும் முன்பு ஒருமுறை சோதித்துப் பார்த்திருக்கிறேன், மேடம். அதில் ஒன்றும் கிடைக்கவில்லை. கருவியில் கோளாறு என்று முடிவு செய்தேன். கருவி நன்றாகத்தான் இருந்தது.

இன்னொரு துண்டில் ஒரு தடவை பார்த்துவிடலாம், நானும் கூட இருக்கிறேன் என்றேன். அவளுக்குச் சந்தோஷம்.

கல்லைக் கரைக்க இரண்டு அமிலங்கள் வைத்திருக்கிறோம். முதலாவது ஹைட்ரோகுளோரிக், சுண்ணாம்பை மட்டும் கரைக்கும். மேலே பட்டால் எரியும், கழுவினால் போய்விடும். அதைக் கையாள மெல்லிய கையுறை போதும். இரண்டாவது ஹைட்ரோஃப்ளூரிக், கல்லையே கரைப்பது. அதற்குத் தடித்த கையுறை, ரப்பர் அங்கி எல்லாம் உண்டு. நாங்கள் பயன்படுத்தும் அளவில் அது பட்டவுடன் அவ்வளவாக எரியாது. அதுதான் அதன் குணம். தோலைத் தாண்டி உள்ளே போய், ரத்தத்திலும் எலும்பிலும் இருக்கும் கால்சியத்தைத் தேடிப் பிடிக்கும். கால்சியம் இல்லாவிட்டால் இதயம் நின்றுவிடும். நேரத்துக்குத் தெரிந்தால் மாற்று மருந்து உண்டு. எந்த டாக்டருக்கும் அந்த அமிலத்தின் பெயரைச் சொன்னால் போதும்.

அந்தச் சோதனை நாளன்று காலை அவள் மெல்லிய கையுறையோடு, முதல் அமிலத்துக்கான பிளாஸ்டிக் குடுவையில் கல் பொடியைப் போட்டாள். மெதுவாகத்தான் போட்டாள். இன்னும் கொஞ்சம் சேர்த்தே போடலாம் என்று நான் சொன்னேன். அது நுரைத்துப் பொங்கி, மேசையிலிருந்து வழிந்து, அவள் தொடையை நனைத்தது. ஓடிப்போய்க் குழாயடியில் கழுவினாள். வேறு உடுப்பு மாற்றிக்கொண்டு வந்து, "பரவால்ல சார், எரிச்சலே இல்ல" என்று சிரித்தாள்.

மதியச் சாப்பாட்டை அவளால் வலியில் முடிக்க முடியவில்லை. நான்தான் என் காரில் அடையாறில் ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். டூட்டி டாக்டர் உமர் ஃபாரூக், இளைஞர், பொறுமையானவர். அவர் மேல் எந்தத் தவறும் இல்லை. என்ன அமிலம் என்று கேட்டார். ஹைட்ரோகுளோரிக் என்று மர்சலினே சொன்னாள். அவளுக்குத் தெரிந்தது அதுதான். அவர் என் பக்கம் திரும்பி, "வேற ஏதாவது கலந்திருக்குமா சார்?" என்றார்.

"இல்லை" என்றேன்.

புண்ணுக்கு மருந்து போட்டு, வலி குறைய ஊசி போட்டு, சாயங்காலம் வரை இருக்கட்டும் என்று ஒரு அறையில் படுக்க வைத்தார்கள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். அவள் கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தாள். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு, விரல்களை மடக்கிப் பார்த்தாள். விரல்கள் இழுத்துக்கொண்டன. அவள் கெட்டிக்காரி, மேடம்.

"சார், இது அந்த அமிலம் இல்ல. வலி எலும்புக்குள்ள இருக்கு. இது மத்தது சார். டாக்டர்கிட்ட உடனே சொல்லுங்க. கால்சியம் குடுக்கணும்."

சொல்கிறேன் என்று எழுந்து போனேன். டாக்டரின் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. அதைத் தாண்டிப் படியிறங்கி, வாசலில் டீக்கடைக்குப் போனேன். கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே, "இன்னா சார், உள்ள யாரு? எப்படி கீது?" என்றார். என் மாணவி, பரவாயில்லை என்றேன். டீ நன்றாக இருந்தது. நான் அவசரப்படவில்லை.

திரும்பி வந்து, டாக்டரிடம் சொல்லிவிட்டேன், மருந்து எடுத்து வருகிறார்கள் என்று மர்சலினிடம் சொன்னேன்.

"தேங்க்ஸ் சார்" என்றாள். முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அந்த நிம்மதியை நான் அவளுக்குக் கொடுத்தேன் என்பதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். அப்பாவுக்குச் சொல்ல வேண்டாம், பயந்துவிடுவார் என்று கேட்டுக்கொண்டாள். அதையும் காப்பாற்றினேன். வெளிச்சம் இருக்கும்போதே எல்லாம் முடிந்துவிட்டது.

பிரேதப் பரிசோதனையில் ரத்தத்தில் கால்சியம் இல்லாததைப் பார்த்துத்தான் நீங்கள் என்னை ஸ்டேஷனுக்கு அழைத்தீர்கள். குடுவை எப்படி மாறியது என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். மாறவில்லை, மேடம். அவள் வருவதற்கு முன்பே முதல் குடுவையில் இரண்டாவது அமிலத்தை ஊற்றி வைத்தது நான்தான். பொங்கும் என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. பொங்காமலும் போயிருக்கலாம். அந்த வாய்ப்பை நான் அவளுக்கு விட்டுவைத்தேன். அந்தக் கல்லுக்காக என் ஆயுளில் பாதியைக் கொடுத்திருக்கிறேன். கண்டுபிடிப்பு நிலைத்து நிற்க வேண்டும் என்று நினைத்தேன். அதில் சுயநலம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு காஸ்பர் சார் என்னைத் தனியே அழைத்தார். வேட்டி முனையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

"எம்பொண்ணு தனியா போகலையே சார்?"

இல்லை, நான் கடைசிவரை பக்கத்தில் இருந்தேன், அவள் வலது கையை என் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டிருந்தேன் என்றேன். அவர் என் கைகளை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நானும் அழுதேன்.

அவரிடம் நான் பொய் சொல்லவில்லை, மேடம். படுக்கை ஓரத்து அழைப்பு மணியை அழுத்த அவள் நீட்டியது அந்தக் கையைத்தான்.