அக்காவின் காலுக்கு ஒரு பட்டன்

"நான் பயந்தது மண்டபம் முழுக்கத் திரும்பத் திரும்பக் கேட்டுதேடா!"

கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த பெண் தன் தம்பியிடம் இப்படிச் சொன்னாள். அவன் மடியில் லூப்பர் இருந்தது. பாடும் குரலைப் பதிந்து, அதையே திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும் சின்னப் பெட்டி. காலால் மிதித்து இயக்குவது. போன கச்சேரியில் அவள் நிறுத்தப் போய், பதியும் பட்டனை மிதித்துவிட்டாளாம். "கடவுளே, வரி மறந்து போச்சு" என்று முணுமுணுத்ததும் பதிந்து, விடாமல் ஒலித்ததாம்.

"ரெண்டு பட்டனும் ஒரே மாதிரிக் கிடந்தா கால் என்னக்கா செய்யும்? இப்ப நிப்பாட்டுற பட்டனில சோடா மூடி ஒண்டு ஒட்டியிருக்கன்."

"இண்டைக்கும் பிழைச்சா இனி மேடைக்கே ஏற மாட்டன்."

"ஓம், தெரியும். இந்தாங்க, இந்த ஹெட்போனைக் காதில மாட்டுங்க. பாட்டு ஓடுது. குனியாம நிப்பாட்டுங்க."

அவன் பெட்டியைக் கீழே வைத்தான். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, பெருவிரலால் தேடினாள். பஸ் குலுங்கியது. அவள் முன் கம்பியை இறுக்கிப் பிடித்தாள்.

"நிண்டுட்டு!"

"நான் சொன்னன்தானே."

"இன்னொருக்காப் போடு."

களுவாஞ்சிக்குடி வரும்வரை அவள் திரும்பத் திரும்பப் போடச் சொல்லி மிதித்துப் பழகினாள். அங்கே இறங்கும்போது செருப்பு அவள் கையில் இருந்தது.

"வெயில் சுடும், போடுங்கக்கா."

"வேணாம். போட்டா கால் மறந்திரும்."