அந்த மெஷினுக்குப் புது சி தெரியாது

இல்ல சார், எங்க வீட்டுக்காரரு தூங்கல. உள்ளதான் உக்காந்திருக்காரு. ரெண்டு தடவ கூப்பிட்டேன், காதுல விழுந்த மாதிரியே தெரியல. நீங்க டீயைக் குடிங்க, ஆறிடப் போகுது. ஆலையில விசாரணைக் கமிட்டினு சொன்னப்போ நாலஞ்சு பேரா வருவாங்கனு நெனச்சேன். நீங்க ஒருத்தர்தான் வந்திருக்கீங்க. அதுவும் நல்லதுக்குத்தான்.

அவரு வாயாலயே வரணும்கறீங்க. நியாயம்தான். ஆனா அவரு வாயிலேருந்து இப்போ ஒண்ணே ஒண்ணுதான் வருது. நான்தான் பண்ணேன், நான்தான் பண்ணேன். அதை எழுதிக்கிட்டுப் போனா உங்க வேலை முடிஞ்சிரும். அதனாலதான் உங்கள உள்ள விடாம இங்க உக்கார வெச்சுப் பேசிட்டிருக்கேன். கோச்சுக்காதீங்க.

எனக்கு எப்படித் தெரியுமா? நான் மருந்துக்கடையில வேலை பாக்கறவ சார், கம்ப்யூட்டரெல்லாம் படிக்கல. ஆனா சாயங்காலம் வந்து சட்டையைக் கழட்டறதுக்குள்ளயே ஆரம்பிச்சிருவாரு. நான் வெங்காயத்த நறுக்கிட்டே உம் கொட்டுவேன். பாதி புரியாது. உம் கொட்டிக் கொட்டியே மீதி புரிஞ்சிருச்சு.

பாய்லர் ரூமுக்கு மேல கண்ணாடி ரூம் பாத்திருப்பீங்கல்ல? அதுல பீரோ மாதிரி நிக்குதே பழைய கம்ப்யூட்டர், யூனிக்ஸ் மெஷின், அதுதான் ஸ்டீம் வால்வையெல்லாம் தெறந்து மூடறது. ஹெட் ஆபீஸ்லேருந்து அதுக்குப் புது புரோகிராம் அனுப்பினாங்க. சி-ங்கற பாஷையில எழுதினது. முன்னெல்லாம் அதை ஆளாளுக்கு ஒரு தினுசா எழுதிட்டிருந்தாங்களாம். அப்புறம் எல்லாருக்கும் பொதுவா ஒரு இலக்கணம் போட்டாங்களாம். புது புரோகிராம் அந்த இலக்கணப்படி எழுதினது. நம்ம மெஷின்ல இருக்கற கம்பைலர், அதான் சார், எழுதினத மெஷினுக்குப் புரியற மாதிரி மாத்திக் குடுக்குமே, அது அந்த இலக்கணம் வர்றதுக்கு முந்தின காலத்துது.

இவரு மீட்டிங்ல கேட்டாரு சார். இந்தக் கம்பைலர் புது சி-யை ஏத்துக்குமானு யாராவது பாத்தீங்களானு கேட்டாரு. மேனேஜர், சி-னா சி தானேப்பா, அது என்ன ஏ-வா பி-யானு சொன்னாராம். எல்லாரும் சிரிச்சாங்களாம். இவரும் கூடச் சேந்து சிரிச்சு வெச்சிருக்காரு. அந்தச் சிரிப்பத்தான் அவரால இன்னும் தாங்கிக்க முடியல.

எழுத்துல இருக்கானு கேக்காதீங்க. வாயாலதான் கேட்டாரு.

மெஷின்ல ஏத்திப் பாத்தா, தெரை பூரா தப்பு, தப்புனு வந்து கொட்டுது. புது கம்பைலர் தனியா வாங்கணும். அடுத்த வருஷம் பாக்கலாம்னுட்டாங்க. சும்மாவே கெடைக்கற கம்பைலர் ஒண்ணு இருக்கு, அதப் போட்டுக்கறேன்னாரு. வெளிச் சரக்கெல்லாம் இந்த மெஷின்ல ஏத்தக் கூடாதுனுட்டாங்க. கடைசியில, நீயே கையால பழைய மாதிரிக்கு மாத்திடுப்பா, உனக்குத் தெரியாததானு முதுகுல தட்டிக் குடுத்து அனுப்பிட்டாங்க. தட்டிக் குடுத்தா இவரு எதையும் செஞ்சிருவாரு. அதுதான் இவருகிட்ட கெட்டது.

இதுல என்ன ஆபத்துனு கேக்கறீங்களா? என் கடை பாஷையில சொல்றேன். சீட்டுல ரெண்டுனு மட்டும் எழுதியிருக்குனு வைங்க. ரெண்டு மாத்திரையா, ரெண்டு ஸ்பூனா? புது சி-யில மேலயே ஒரு வரி இருக்கும், இந்த எடத்துக்கு ஸ்பூன்லதான் வரணும்னு. நீங்க மறந்துபோய் வேற மாதிரி குடுத்தாலும் அந்த வரியைப் பாத்துட்டு கம்பைலரே ஸ்பூனா மாத்திரும். பழசுக்கு அந்த வரியே புரியாது. அதை எடுத்தாத்தான் உள்ளயே விடும். எடுத்துட்டோம்னா, குடுத்தத குடுத்தபடி தள்ளிவிட்டுரும். வாங்கிக்கறவன் வேற என்னமோனு நெனச்சுக்குவான். தப்புனு ஒரு சத்தம் வராது சார். அதுதான் பயம்.

இவருக்கு மாத்திரையும் ஸ்பூனும் இல்ல, முழு நம்பரும் புள்ளி வெச்ச நம்பரும். எங்கெல்லாம் புள்ளி வெக்கணுமோ அங்கெல்லாம் உக்காந்து தேடித் தேடி வெச்சாரு. கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கும். சொட்டு மருந்து நான்தான் போட்டு விடுவேன். ஒரு எடம் விட்டுப்போச்சு. ரிப்பேர் நடக்கறப்போ மட்டும் ஓடற எடம். இத்தன நேரம் வால்வ மூடியே வெச்சிருனு சொல்ற எடம். இருபதுனு இருந்துது. இருபது புள்ளி பூஜ்யம்னு இருந்திருக்கணும். மெஷின் அதையும் புள்ளி வெச்ச நம்பர்னே எடுத்துக்கிட்டு, கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்லனு படிச்சிருக்கு. மூடின ஒடனே தெறந்துருச்சு. கீழ ஃபிட்டர் குழாய் மூட்டக் கழட்டிட்டு வேலை பாத்துட்டிருந்தான்.

முன்னெல்லாம் கீழ வால்வுச் சக்கரத்துக்குக் கையாலயே பூட்டுப் போட்டுட்டுத்தான் வேலையத் தொடுவாங்க. கம்ப்யூட்டர் பாத்துக்கும், இனிமே பூட்டு எதுக்குனு கழட்டச் சொன்னது யாரு? இவரு இல்ல. அதை எழுதிக்கங்க. எழுதுங்க சார், நான் சும்மா இருக்கேன்.

ம். சத்தம் கேட்டு இவருதான் மொதல்ல ஓடியிருக்காரு. ஸ்டீமுக்குள்ள புகுந்து சக்கரத்தத் திருப்பி மூடினதும் இவருதான். ஆம்புலன்ஸ் போனதும் மேல ஏறிப் போய், ஈரச் சட்டையோடயே உக்காந்து புரோகிராமத் தேடி, அந்த வரியக் கண்டுபிடிச்சாரு. வேற யாரும் கண்டுபிடிக்கல. இவரே மேனேஜரக் கூப்பிட்டு இங்கதான் சார்னு காட்டினாரு. காட்டாம இருந்திருந்தா இன்னிக்கு நீங்க எந்த வீட்டுல டீ குடிச்சிட்டிருப்பீங்களோ.

வீட்டுல குக்கர் விசில் அடிச்சா எழுந்து வெளிய போயிடறாரு. இப்போ எல்லாத்தையும் சட்டியில போட்டுத்தான் வேக வைக்கறேன். சாப்பிடறதும் பேருக்குத்தான். ஆஸ்பத்திரி பக்கம் போய் ஒரு எட்டு பாத்துட்டு வாங்கன்னேன். செருப்ப மாட்டிக்கிட்டு வாசல் வரைக்கும் போனாரு. திரும்பி வந்து செருப்போடயே கட்டில்ல உக்காந்துட்டாரு.

ஃபிட்டரா? மொகத்துல அவ்வளவா இல்ல சார். கண்ணு தப்பிச்சுது. கைதான். ரெண்டு கையும் தோள் வரைக்கும் கட்டு. வெரல் மடங்குமானு கட்டப் பிரிச்சாத்தான் சொல்ல முடியும்கறாங்க. இட்ட வேலைய சளைக்காம செய்யற கை சார் அது. காலையில கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு வேளை, சாயங்காலம் ஒரு வேளை, நான்தான் போய் ஊட்டி விடறேன்.

இல்லையே, ஆலையில யாரும் என்னை அனுப்பல. அனுப்பித்தான் போகணுமா என்ன? என் தம்பி சார் அவன். கூடப் பொறந்தவன். உங்க பேப்பர்ல அது எப்படி இருக்கும், அங்க யாருக்கும் சொன்னதில்ல. சொந்தக்காரன்னு சலுகை காட்டினதா பேச்சு வரக் கூடாதுனு இவருதான் சொல்லாம வெச்சிருந்தாரு. அவனை அங்க சேத்துவிட்டதே இவருதானே.

நேத்து வாயத் தொடச்சு விடறப்போ கேக்கறான். ஏன்க்கா, எல்லாரும் வந்துட்டுப் போறாங்க, மாமா மட்டும் ஏன் இன்னும் என்னை வந்து பாக்கலனு. அவனுக்கு இன்னும் யாரும் எதுவும் சொல்லல.

காய்ச்சல்னு சொல்லி வெச்சிருக்கேன் சார்.