நீண்டுகொண்டே போன படகுத்துறை

இந்த அவையைத் தாங்கி, அதோடு என் பேச்சையும் பல ஆண்டுகளாகத் தாங்கிவரும் படகுத்துறை விரிவாக்கக் குழுத் தலைவர், என் சம்பந்தி அவர்களே! உப்புக்காற்றில் நரைத்து, உப்பைப் போலவே இந்த ஊருக்குச் சாரம் சேர்த்த பெரியோர்களே! உப்புக் கொட்டடியில் வேலை முடித்து, கையில் ஒட்டிய வெண்மையைத் துடைக்கவும் நேரமின்றி ஓடிவந்த தாய்மார்களே! படகோட்டிகளே, மூட்டை தூக்கும் தோழர்களே! பேச்சு பிடிக்காவிட்டால் நழுவத் தோதாக வாசலருகே நிற்கும் இளைஞர்களே! உங்கள் அனைவரையும் இந்தத் தையற்காரன் தலை தாழ்த்தி வணங்குகிறேன்.

துறைப் பக்கம் தட்டும் ஓசை கேட்கிறதா? கடைசிப் பலகைக்கு ஆணி அடிக்கிறார்கள் என்று தலைவர் சற்றுமுன் மகிழ்ச்சியோடு சொன்னார். அது நடக்கட்டும். நாம் பேசுவோம்.

புதிய நீட்டிப்பின் பெருமையைப் பாடத்தான் என்னை அழைத்தார்கள். ரிப்பன் வெட்டும் கத்திரிகூட என் கடையிலிருந்து இரவல் வாங்கி வந்ததுதான். அதோ, தட்டில் பளபளக்கிறது. அழகழகான சொற்களை அடுக்கி வைத்திருந்தேன். இன்று காலை வரை வைத்திருந்தேன். இப்போது அதில் ஒரு வரியும் நாவில் ஏறவில்லை. நான் அதிர்ந்துபோய் நிற்கிறேன்.

எப்பேர்ப்பட்ட ஏரி இது! ஆறுகள் வந்து சேரும், ஓர் ஆறும் வெளியேறாது. வந்த நீரை வெயில் குடிக்கும், உப்பை மட்டும் நமக்கு விட்டுவைக்கும். கடலையே காணாத ஊருக்குக் கடலாய்க் கிடந்தது இந்த ஏரி. நீந்தத் தெரியாதவனையும் நெஞ்சில் ஏந்தி மிதக்க வைத்தது இந்த ஏரி. மீன் வாழாத நீர்தான், ஆனால் அதில் நகக்கண் அளவு இறால் வாழ்ந்தது. அந்த இறாலைத் தின்று தின்று பூநாரை சிவந்தது. பூநாரைக் கூட்டம் எழுந்து பறந்தால், விடிந்த வானம் மறுபடி விடிகிறதோ என்று மயங்கி நின்ற ஊரல்லவா நம் ஊர்?

அந்த ஏரி எங்கே? ஏரிக்கரைக் குன்றின் இடுப்பைப் பாருங்கள். குடித்து வைத்த தேநீர்க் குவளைக்குள் கறை படிவது போல வரிவரியாய் வெள்ளைக் கோடுகள். ஒரு காலத்தில் நீர் நின்ற மட்டம் அது. மேலே மதகை அடைத்து, ஆற்றைத் தோட்டங்களுக்குத் திருப்பிவிட்டோம். இதே மன்றத்தில் கை தூக்கித்தான் திருப்பினோம். நீர் விலகியது. நாம் என்ன செய்தோம்? துறையை நீட்டிப் பலகை அடித்தோம். மேலும் விலகியது. மேலும் அடித்தோம். அன்று படகு கட்டிய இடத்தில் இன்று சைக்கிள் நிறுத்துகிறோம். ஒவ்வொரு நீட்டிப்புக்கும் ஒரு விழா, ஒரு மாலை, ஒரு கைதட்டல். ஏரித்துறைகளிலேயே நீளமானது என்று எழுதி நுழைவு வளைவில் மாட்டியும் விட்டோம்.

அங்கே ஒருவர் “ஆமாம்” என்கிறார். பெருமையாகத்தான் சொல்கிறார். ஐயா, என் தொழிலில் வைத்து ஒன்று கேட்கிறேன். நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போகும் மனிதருக்குச் சட்டையைப் பிடித்துப் பிடித்துத் தைத்துக் கொடுத்து, கச்சிதமாக இருக்கிறது என்று நாம் கைதட்டினால் அவர் பிழைத்துவிடுவாரா? சிரிக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் அக்காவை உங்களுக்குத் தெரியும். பறவைத் தீவுக்குப் படகு ஓட்டுகிறவர். வாய் ஓயாததால் ஊரே மோட்டார் அக்கா என்று கூப்பிடும். அவர் திட்டியதைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்கு இந்தப் பேச்சே வந்தது. அப்படிப்பட்டவர்கூடத் தீவு நெருங்கினால் வாயைத் திறக்க மாட்டார். எஞ்சினை அணைத்துவிட்டுத் துடுப்பைத்தான் போடுவார். இந்த ஏரியில் எல்லாப் படகுக்காரர்களுக்கும் அதுதான் வழக்கம். பூநாரை மிரண்டு எழுந்துவிட்டால், மூடுவார் இல்லாத முட்டை வெயிலுக்கும் பருந்துக்கும் போய்விடும் அல்லவா?

இன்று காலை, இந்த மேடைக்காக அந்தச் சிவப்பை ஒருமுறை கண்ணால் பார்த்து வரலாம் என்று அக்காவோடு போனேன். துறை முனையில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். படகைத் தள்ளிக்கொண்டே போய், ஆழம் கண்டு ஏறினோம். தீவு நெருங்கியது. எஞ்சினை அணைத்தார், உதட்டில் விரல் வைத்தார். பாறையைச் சுற்றினோம்.

ஒரு பறவை இல்லை. கூடாய்க் கட்டிய மண் குவியல்கள் இருந்தன, முட்டைகள் இல்லை. ஓடுகள் நொறுங்கிக் கிடந்தன. சிவந்த இறகுகள் உப்பில் ஒட்டிக் கிடந்தன. என்னக்கா இது என்று நான் வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். அக்கா அடிக்குரலில் சொன்னார்:

“சத்தம் போடாதடா.”

யாருக்காக, பெரியோர்களே? யாருக்காக? மிரளுவதற்கு அங்கே ஓர் உயிர் இல்லை. சொன்ன பிறகுதான் அவருக்கும் அது உறைத்தது. துடுப்பை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எதற்கும் அழாத என் அக்கா அழுதார்.

தீவெங்கும் நாய்க்கால் தடங்கள். நீர் வற்றிக் கெட்டித்த உப்புத்திட்டின் ஓரமாய்ப் படகை விட்டு, அவற்றைப் பிடித்துக்கொண்டே வந்தோம். அவை எங்கே வந்து ஏறின தெரியுமா? நம் துறையில்! நாம் மாலை போட்ட துறையில்! கரையோரச் சேற்றை நீங்கள் அறிவீர்கள். மனிதன் இறங்கினால் இடுப்பு வரை புதைவான், நாய் இறங்கினால் ஏறி வராது. அந்தச் சேறுதான் தீவுக்கு அரணாய் இருந்தது. அந்தச் சேற்றுக்கு மேல் பாதை போட்டுக் கொடுத்தது யார்? நாய்களா போட்டன? நாம் போட்டோம். கைதட்டிக் கைதட்டிப் போட்டோம்.

தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். சம்பந்தி, இன்று ஒரு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள். நாளை வீட்டுக்கு வந்து ஆசை தீரத் திட்டுங்கள், காபி போட்டு வைக்கிறேன்.

பூநாரைகள் இன்னும் போய்விடவில்லை. தெற்குத் திட்டில் கூட்டமாய் நிற்கின்றன. பருவம் மிச்சமிருக்கிறது, பயமில்லை என்று தெரிந்தால் மறுபடி முட்டையிடும் என்கிறார் அக்கா. அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன்.

“சேத்துக்கு மேல இருக்கிற பலகையை எல்லாம் கழட்டணும்.”

“அப்போ உன் படகு?”

“அது சும்மா கிடக்கும். நான் கொட்டடியில மூட்டை தைக்கப் போறேன்.”

மூன்று பிள்ளைகளை ஆளாக்கிய படகு அது. கணவர் போன பிறகு அவருக்குக் கணவராய் இருந்த படகு. துறை இல்லாவிட்டால் அந்தப் படகில் ஏற ஆள் வராது என்பது அவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் சொன்னார்.

அந்தப் படகு சும்மா கிடக்க நாம் விடலாமா? தாய்மார்களே, இந்த மன்றம்தான் மதகை அடைத்தது, இந்த மன்றமே அதைத் திறக்கட்டும். தோட்டத்துக்குப் பாதி, ஏரிக்குப் பாதி என்று ஆறு மறுபடி இறங்கி வரட்டும். ஏரியைத் தேடித் துறை போனது போதும், இனித் துறையைத் தேடி ஏரி வரட்டும்! சைக்கிள் நிற்கும் இடத்தில் என் அக்காவின் படகு மறுபடி வந்து நிற்கட்டும்!

வேண்டாம், கைதட்டாதீர்கள். அந்த ஓசையைக் கேளுங்கள். இன்னும் கேட்கிறது அல்லவா? தலைவர் அவர்களே, ஆணி அடிக்கும் ஆட்கள் எல்லோரும் இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள், பாருங்கள். அங்கே ஆணி அடிக்கவில்லை, பிடுங்குகிறார்கள். பிடுங்குவது என் அக்கா. தனியாகப் பிடுங்குகிறார்.

என் கத்திரியை நான் எடுத்துக்கொள்கிறேன். கடப்பாரை இருப்பவர்கள் கடப்பாரையோடு வாருங்கள், இல்லாதவர்கள் கையோடு வாருங்கள். இவ்வளவு நேரம் பொறுத்துக் கேட்ட உங்களுக்கு என் நெஞ்சார்ந்த நன்றியும் வணக்கமும். மைக்கை அணைத்துவிடுங்கள், தம்பி. தீவுக்குப் போவது போலச் சத்தமில்லாமல் போவோம்.