மரத்தில் வராத காந்தாரம்

மாடிப்படியில் கனமான சாமானை இரண்டு பேர் ஏற்றும்போது, கீழே நிற்பவருக்குத்தான் பாரம் அதிகம். பீரோ மாற்றிய எல்லாருக்கும் இது தெரியும். மேலே நிற்பவர் பெரும்பாலும் வழி சொல்வதோடு சரி.

என் பெயர் உமாசங்கர். முன்னால் டாக்டர் உண்டு. ஸ்ரீவராகத்தில் வீட்டு வாசலில் பலகை மாட்டிய புதிதில் ஒருவர் இடுப்பு வலிக்கு மருந்து கேட்டு வந்தார். என் ஆராய்ச்சியின் தலைப்பு, 'மரச்சட்ட வாத்தியங்களில் கமகத்தின் இயலாமை'. மரச்சட்டத்தைக் குச்சியால் தட்டினால் ஒரு சுரம் எழும், அந்த இடத்திலேயே நிற்கும், செத்துப்போகும். நம் சங்கீதத்துக்குச் சுரம் அசைய வேண்டும், அதுதான் கமகம். இதைச் சொல்ல எனக்கு நானூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள் தேவைப்பட்டன.

பிறகு இதையே விளக்க உரையாக முப்பத்தொரு ஊர்களில் நிகழ்த்தினேன். கிழக்கேகோட்டையில் வாங்கிய குழந்தைகளின் சைலபோன் ஒன்று எப்போதும் என் பையில் இருக்கும். எட்டுக் கலர்ச் சட்டங்கள். முதலில் தோடி ராகத்தின் காந்தாரச் சுரத்தை அசைத்துப் பாடிக் காட்டுவேன். பிறகு சைலபோனில் தட்டுவேன். டிங். சபை சிரிக்கும். எல்லா ஊரிலும் அதே இடத்தில் சிரித்தார்கள். முப்பத்தொரு பொன்னாடைகள் வந்தன.

"இந்த ஊர்ல குளிரா அடிக்குது? பொன்முடி மலைக்காவது குடிபோவோம், போர்த்திக்கலாம்" என்று என் மனைவி சொர்ணம்மாள் சொல்வாள்.

முப்பத்தோராவது உரை முடிந்ததும் ஒரு பெண் எழுந்தாள். பெயர் லிபி. பாறசாலைப் பக்கம், பள்ளியில் பௌதிகம் எடுப்பவள். சர்ச் பாடகர் குழுவில் மரிம்பா வாசிப்பாளாம்.

"ஸார், அது பொம்மையல்லே? மரிம்பாவுல வாசிச்சு நோக்கினீங்களா?"

மரிம்பா என்பது நல்ல நீளமான மேசை மாதிரி இருக்கும். மேலே ஈட்டிமரச் சட்டங்கள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு குழல். நான் படத்தில் பார்த்திருக்கிறேன்.

"முடியாதும்மா" என்றேன்.

நான்கு மாதம் கழித்துத் தன் வீட்டுக்கு அழைத்தாள். அவள் அப்பா அருமைநாயகம் பலாச்சுளையில் போட்ட சக்கை வற்றல் கொண்டுவந்து வைத்தார். லிபி வலது கையில் இரண்டு குச்சிகளைப் பிடித்து ஒரு சட்டத்தைப் படபடவென்று தட்டிக்கொண்டே இருந்தாள், ஒலி அறுபடாமல். இடது கையில் ரப்பர் முனை வைத்த குச்சி. அதை அதே சட்டத்தில் அழுத்தி, மெதுவாக நகர்த்தினாள். காந்தாரம் அசைந்தது.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இன்னும் கொஞ்சம் வற்றல் கேட்டேன்.

"ஸார் முடியாதுன்னு சொன்னதுகொண்டுதான் நோக்கினேன். இல்லேன்னா எனக்குத் தோணியே இருக்காது. ஸ்டேஜ்ல நான் இதைச் சொல்லணும் ஸார்."

அவளிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

எங்கள் சங்கீத சபை கிழக்கேகோட்டையில் ஒரு துணிக்கடைக்கு மேலே இருக்கிறது. நான் செயலாளர். லிபியே எங்கள் தலைவர் தாணுலிங்கத்துக்கு எழுதிக் கச்சேரி கேட்டிருந்தாள். அடுத்த மாதம் எனக்குக் 'கமகத் துரந்தரர்' பட்டம் தருவதாக இருந்தார்கள். அதே மாலையில், பட்டத்துக்கு முன்னால் லிபியின் கச்சேரி என்று கமிட்டி முடிவு செய்தது.

"சைலபோனா? எங்க பேத்தி மீனு அதை வெச்சுப் பூனையை அடிக்கா ஓய்" என்றார் தாணுலிங்கம்.

வாத்தியத்துக்கு ஒரு கௌரவமான பெயர் வேண்டும் என்று நாற்பது நிமிடம் விவாதித்து 'தாரு தரங்கிணி' என்று வைத்தார்கள், தாரு என்றால் மரம். அதில் கமகம் வருமா என்று ஒருவரும் கேட்கவில்லை. வரும் என்று அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும்.

கச்சேரி அன்று பிற்பகல் மூன்று மணிக்கு மரிம்பாவோடு வேன் வந்தது. லிஃப்ட் பழுது. இருபத்திரண்டு படிகள். அருமைநாயகத்தை டிரைவரோடு வண்டி நிறுத்த இடம் பார்க்க அனுப்பினேன். கிழக்கேகோட்டையில் அதற்கு அரை மணி நேரம் ஆகும்.

"கழற்றிக் கொண்டுபோவோம் ஸார். பத்து நிமிஷம் போதும்" என்றாள் லிபி.

"நேரமில்லை, அப்படியே தூக்கிடலாம். நான் மேல் பக்கம் பிடிக்கிறேன்."

படி திரும்பும் இடத்தில் சுவர் கூராக நீட்டிக்கொண்டிருக்கும். இடதுபுறம். செயலாளராகப் பதினோரு வருடம் ஏறி இறங்கிய படி அது. பதினாலாவது படியில், அந்தத் திருப்பத்தில், எனக்கு வியர்வையைத் துடைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. துடைத்துக்கொண்டேன். இரண்டு கையாலும்.

சட்டங்கள் எல்லாம் ஒன்றாக ஒலித்தன. கேட்டுக்கொண்டிருந்தேன். எந்தச் சுரமும் அசையவில்லை.

சுவர்க் கூரில் சிக்கிய லிபியின் இடது கையில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். மற்றவை மடங்கவில்லை. விரல்கள் மீது எனக்குக் கோபம் ஒன்றும் கிடையாது. முப்பத்தொரு ஊர்க்காரர்கள் சிரித்த ஒரு விஷயம் பொய்யாகிப் போகாமல் பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன்.

"ஸார் வெஷமிக்கண்டா" என்றாள் லிபி. "ஸாருக்கும் அறுபது வயசாச்சு. நான்தான் கழற்றணும்னு நிர்பந்தம் பிடிச்சிருக்கணும்."

வருத்தப்பட வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டதால் நான் வருத்தப்படவில்லை.

பட்டமளிப்பை ஒரு வாரம் தள்ளி நடத்தினார்கள். தாணுலிங்கம் மைக்கைப் பிடித்து ஒரு நிமிட மௌனம் என்று அறிவித்தார்.

"பொண்ணு உயிரோடதான் இருக்கா ஓய்" என்றது ஒரு குரல்.

"அப்போ வாத்தியத்துக்குன்னு வெச்சுக்கோங்க."

எல்லாரும் எழுந்து நின்றோம். நான் சைலபோனை வெளியே எடுத்தேன். டிங். அதே இடத்தில் சிரித்தார்கள்.

இதெல்லாம் நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். மறைக்கிற சுபாவம் எனக்கு இல்லை.

போன செவ்வாய்க்கிழமை லிபி போன் செய்தாள்.

"ஸார், வந்நு! மரிம்பாவை ரிப்பேர் பண்ணியாச்சு, காந்தாரம் பின்னயும் வந்நு. இடது மணிக்கட்டுல ஒரு பெல்ட் போட்டுக் குச்சியைக் கட்டிட்டேன், தட்டறதுக்கு அது போதும். நகர்த்தறது இப்போ வலது கை. முன்னத்தவிட நல்லா அசையுது ஸார். முதல்ல ஸார்தான் கேக்கணும்."

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சந்தோஷம் என்றேன். சபையிலேயே வாசித்துவிடு, ஞாயிற்றுக்கிழமை ஹால் காலியாகத்தான் இருக்கிறது என்றேன்.

"லிஃப்ட் சரியாச்சா ஸார்?"

"இல்லம்மா."

"அப்போ இந்தத் தடவை கழற்றிக் கொண்டுவரட்டா?"

வேண்டாம், கழற்றி மாட்டினால் சுருதி கெட்டுப்போகும் என்றேன். அப்பாவைக் கைப்பிடிப் பக்கம் நிற்கச் சொல். நீ கீழே சுவர்ப் பக்கம் நின்று வலது கையை நன்றாக அடியில் கொடுத்துப் பிடித்துக்கொள், உனக்கு அதுதான் பத்திரம். மேல் பக்கம் நான் பார்த்துக்கொள்கிறேன்.

"ஸார் இருக்கறப்ப எனக்கு என்ன பயம்" என்று சிரித்தாள்.

அக்கறை இல்லாத ஒருவன் இவ்வளவு தூரம் எடுத்துச் சொல்வானா?