பிடிலுக்கு ஈரத்துண்டு

“யாராச்சும் பிடிலுக்கு ஈரத்துண்டு சுத்துவாகளா?”

எழுபதுகளில் ஒரு சித்திரை மதியம். அருப்புக்கோட்டையிலிருந்து மல்லாங்கிணறு போகும் பஸ்ஸில், முன் இருக்கைக்காரர் மடியில் பிடில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு மனைவியைக் கடிந்தார். சாயங்காலம் அங்கே ஒரு கல்யாணத்தில் அவர் வாசிக்க வேண்டுமாம்.

“வெயில்ல கம்பி தளந்து சுருதி எறங்குதுன்னு நீங்கதான பொலம்புனீக? எங்க வீட்டுத் தறியில நூலு காஞ்சா அந்துபோகும்னு ஈரம் காட்டுவோம்.”

“கம்பி தளந்தா முறுக்கி ஏத்திக்கிருவேன். மரம் ஊறிப் பசை விட்டுச்சுன்னா நான் எதை வாசிக்க?”

“ஊறாது. உள்ள என் கல்யாணச் சேலையச் சுத்தித்தான் வச்சிருக்கேன்.”

அவர் துண்டை எடுத்துவிட்டு, பட்டுக்குள் கைவிட்டு மரத்தைத் தடவிப் பார்த்தார். ஒரு கம்பியைச் சுண்டினார். பஸ் இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை. அவர் முகம் தெளிந்துவிட்டது.

“சேலை அப்படியே இருக்கட்டும்” என்றார். ஈரத்துண்டை உதறி, ஜன்னலோரம் இருந்தவள் தலையில் போட்டுவிட்டார்.

“வெயிலு ஒன் பக்கந்தான் அடிக்குது.”