மஃப்டியில் வந்தவர்

— இன்னைக்காவது காக்கி போடாம வந்தீங்களே ஏட்டு சார், புண்ணியமாப் போச்சு. நேத்து உங்க தலையைப் பார்த்ததும் போதையை விடற மருந்துக்கு நின்ன வரிசையே காணாமப் போயிடுச்சு.

— நீங்க திட்டினதாலதான் சிஸ்டர் மஃப்டில வந்தேன். அப்படியும் வாசல்ல ஒருத்தன் என்னைப் பார்த்துட்டு கையைத் தூக்கிட்டு நிக்கிறான்.

— யாரையாவது பிடிக்க வந்திருந்தா இப்பவே சொல்லிடுங்க. போதைப் பொடி போடறது இப்ப குத்தமில்ல. சட்டம் மாறி மாசக்கணக்காச்சு.

— தெரியும்மா. ஸ்டேஷன்ல படிச்சுக் காட்டினாங்க. காதுல விழுந்துச்சு, மண்டையில ஏறல. எவன் பையில பொட்டலம் இருந்துச்சுன்னு பிடிச்சு உள்ள தள்ளினேனோ, அவனை நீங்க "வாங்க, உக்காருங்க"ன்றீங்க. அப்ப நான் இத்தனை வருஷம் பண்ணினதுக்குப் பேரு என்ன?

— இங்க நடக்கிறதைச் சொல்றேன் சார். இங்க மருந்தை அளந்து ஊத்துவோம், எங்க கண்ணெதிர்லயே குடிக்கணும். குடிச்சதும் பேரைச் சொல்லச் சொல்லுவோம்.

— பேரு எதுக்கு?

— வாய்க்குள்ள அடக்கிட்டுப் போய் வெளிய விக்கக் கூடாதுல்ல. பேசினா முழுங்கிட்டாங்கன்னு தெரிஞ்சுடும்.

— நானும் முதல்ல பேரைத்தான் கேப்பேன். ஒருத்தனும் ஒழுங்கா சொன்னதில்ல.

— வந்ததுலேருந்து பாக்கெட்டைத் தடவிக்கிட்டே இருக்கீங்களே, என்னத்தைத் தேடறீங்க?

— அது கிடக்கட்டும். சிஸ்டர், ஒரு பையன் இருக்கான்னு வைங்க. பொடிக்காக அம்மா காதுல கிடந்த கம்மலைக்கூட விட்டு வைக்கல. அவனைச் சேர்த்துப்பீங்களா?

— உங்க சொந்தக்காரரா?

— என் பையன்.

— சார்...

— ஊரெல்லாம் சோதனை போட்டவன்மா நான். என் வீட்டு மாடி ரூமைத் தட்டிப் பார்க்கல. போன வாரம் பாத்ரூம்ல உதடெல்லாம் நீலமா கிடந்தான். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா பிழைக்க மாட்டான்னு டாக்டர் சொல்லிட்டார்.

— கூட்டிட்டு வாங்க, இன்னைக்கே ஆரம்பிச்சிடலாம். ஆனா இங்க ஒரு கண்டிப்பு உண்டு. தானா மனசு வந்து வரணும். நீங்களாதான் வந்தீங்களான்னு தம்பியையே கேப்போம். இழுத்துட்டு வந்தவங்க யாரும் இங்க நிலைக்கிறதில்ல சார்.

— அவனாதான் வந்தான். காலையில என் காலடியில உக்காந்துகிட்டு, "அப்பா, என்னை அங்க கூட்டிட்டுப் போ"ன்னான். வெளிய கார்ல இருக்கான்.

— அப்புறம் என்ன யோசனை? உள்ள வரச் சொல்லுங்க.

— அதான் எனக்கே புரியல சிஸ்டர். பொடி போடறவனை வண்டியில ஏத்தினா என் கை பாட்டுக்கு அதோட வேலையைப் பார்த்துடுது. கார்ல கிடந்த விலங்கை அவன் ஒரு கையில மாட்டிட்டேன். சாவி வீட்ல கழட்டிப் போட்ட காக்கிச் சட்டையிலயே தங்கிடுச்சு.

— ஐயோ. தம்பி ஒண்ணும் சொல்லலையா?

— "சரிங்க சார்"னு சொல்லிட்டு, இன்னொரு கையையும் நீட்டினான்.