ஆடிய நூலும் நின்றுபோன நெட்டும்

பெயர் தையல்நாயகி, வயது 72, கணவர் பெயர் சிவராஜ், காலமாகிவிட்டார். இருப்பிடம் பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம். படிப்பு இரண்டாம் வகுப்பு. பட்டுப் புடவை அலுவலகம் ஒன்றில் இருபத்தேழு வருடமாக நூல் சுற்றுகிறேன். பெருக்குவதும் டீ போடுவதும் நான்தான்.

12.11.2024 செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு அலுவலகத்தில் இருந்தவர்கள்: மேனேஜர் கலியாணசுந்தரம், சூப்பர்வைசர் குமரகுரு, கம்ப்யூட்டரில் புடவை டிசைன் போடும் இளவரசி, சாயம் போடும் கதிர்வேல், நெட் பழுது பார்க்க வந்த தென்னேரிக்காரர் ஜினேஷ், விசாரணைக்கு வந்த சப்-இன்ஸ்பெக்டர் மஹாலட்சுமி மேடம், நான். கூரியர்காரர் வாசலோடு போய்விட்டார், அவரைச் சேர்க்க வேண்டாம்.

ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து அலுவலகத்தில் நெட் அடிக்கடி நின்றுபோனது. வெளியூர்க் கல்யாண வீட்டாருக்கு வீடியோவில் புடவை விரித்துக் காட்டினால், முந்தானை வருவதற்குள் படம் அப்படியே நின்றுவிடும். அதன் பிறகு மேனேஜர் நெட் கம்பெனிக்குப் போன் செய்தார். உங்கள் இடத்திலிருந்துதான் மூட்டை மூட்டையாக வீடியோ வெளியே போகிறது என்று அவர்கள் சொன்னார்களாம். அதே வாரம் எதிர்க்கடையில் எங்களுடையதைப் போலவே அன்னபட்சி பார்டர் போட்ட புடவை தொங்கியது. அதன் பிறகு மேனேஜர் இரண்டையும் முடிச்சுப் போட்டு, டிசைனை வெளியே அனுப்புவது இளவரசிதான் என்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை அவளுடைய கைப்பையை எல்லார் முன்னாலும் மேஜையில் கொட்டினார்கள். ஒரு சீப்பு, தலைவலித் தைலம், பாதி தின்ற கடலை மிட்டாய், ஒரு பஸ் டிக்கெட், இவ்வளவுதான் விழுந்தது. நாளைக்குப் போலீஸ் வரும், வேலை போகும், கேஸ் ஆகும் என்று சொன்னார்கள். அவள் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டாள். மிட்டாயை மட்டும் எடுக்கவில்லை.

இளவரசிக்கும் எனக்கும் ஆகாது என்பதை மறைக்கவில்லை. ஆனி மாதம் ஒரு வாடிக்கையாளர் இந்த ஆயா யார் என்று கேட்டதற்கு, "பெருக்குறவங்க" என்று மட்டும் சொன்னாள். நூல் சுற்றுவதைச் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவளுடைய டீயில் அரைச் சர்க்கரைதான் போடுகிறேன். ஆனால் ஆகாதவள் வேறு, திருடி வேறு.

செவ்வாய்க்கிழமை மேடம் வந்து உட்கார்ந்த பிறகு ஜினேஷ் லேப்டாப்பைத் திறந்தார். நெட் அதிகமாகப் போன நாட்கள் அதில் இருக்கின்றன என்றார். எந்தக் கருவியிலிருந்து போகிறது என்று மேடம் கேட்டதற்கு, "பேரு காட்டலை மேடம், வெறும் நம்பர்தான் காட்டுது. ஒவ்வொண்ணா தேடணும்" என்றார். அதன் பிறகு தேதிகளை வரிசையாகப் படித்தார். நான் நூல் சுற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நவம்பர் மூணு" என்றார்.

"ஞாயித்துக்கிழமை. ஆபீஸ் பூட்டியிருந்துச்சு" என்றேன்.

மேனேஜர் என்னைப் பார்த்து, "நீ சும்மா இரு ஆயா" என்றார். மேடம், "அவங்க பேசட்டும் சார்" என்றார். ஜினேஷ் அடுத்து நவம்பர் ஏழு என்றார்.

"சூரசம்ஹாரம். இந்தப் பொண்ணு விரதம்னு லீவு போட்டுட்டு குமரக்கோட்டம் கோயில்ல இருந்துச்சு. இங்க மயில் கழுத்துக் கலர் நூல் காஞ்சிக்கினு இருந்துச்சு."

"அக்டோபர் இருபத்திரண்டு?"

"செவ்வாய். அரக்கு."

"ஞாயித்துக்கிழமை என்ன ஆயா கலர்?" என்று ஜினேஷ் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"மாம்பழ மஞ்சள். தீபாவளி கழிஞ்ச சனிக்கிழமை சாயம் போட்டது. ஈரம் போகலை, ஃபேனை நிறுத்தாதேன்னு கதிர்வேலு சொல்லிட்டுப் போனாரு. ஞாயிறு பூரா ஓடிச்சு."

ஜினேஷ் சிரிப்பதை நிறுத்திவிட்டு மீதி ஆறு தேதிகளையும் கேட்டார். ஆறுக்கும் நிறம் சொன்னேன். லிஸ்டில் இல்லாத நாட்களையும் கேட்டார். அந்த நாட்களில் நூல் காயவில்லை என்று சொன்னேன். சாயம் போட்ட பட்டு நூலை வெயிலில் காட்டக் கூடாது, நிழலில்தான் உலர்த்த வேண்டும். வழக்கமாக மாடிக் கொட்டகையில் கட்டுவார்கள். மழைச் சாரல் அடித்ததால் கதிர்வேல் இந்த மாதம் முழுதும் நூல் கத்தைகளைப் பின் தாழ்வாரத்தில் மூங்கிலில் தொங்கவிட்டு, பெரிய ஃபேனைப் போட்டுவந்தார்.

அதன் பிறகு எல்லாரும் பின் தாழ்வாரத்துக்குப் போனோம். அன்றைக்கும் அரக்கு நூல் தொங்கிக்கொண்டிருந்தது. ஜினேஷ் நூலைப் பார்த்தார், அப்படியே அண்ணாந்து சுவரைப் பார்த்தார். அங்கே கேமரா இருந்தது. புரட்டாசியில் வைத்தது. ஆள் நடமாடினால் உடனே வீடியோ எடுத்து நெட் வழியாக அனுப்பிவிடும் என்று வைத்த அன்றைக்கே எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.

"ஆயா, ஃபேனை நிறுத்துங்க" என்றார். நிறுத்தினேன். நூல் அசையாமல் நின்றது. லேப்டாப்பில் நெட் போகும் அளவைக் காட்டி மேலே போய்க்கொண்டிருந்த கோடு கீழே இறங்கியது. போடச் சொன்னார், போட்டேன். கோடு ஏறியது. மேடத்துக்கு நம்பிக்கை வராமல், அவரே ஸ்விட்சுக்குப் பக்கத்தில் நின்று நான்கு முறை போட்டு நிறுத்திப் பார்த்தார். கடைசி இரண்டு முறை சிரித்துக்கொண்டே செய்தார்.

அதன் பிறகு மேடம், கேமரா அனுப்புவது யாருடைய போனுக்கு என்று கேட்டார். குமரகுரு சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். ஆள் நடமாட்டம், ஆள் நடமாட்டம் என்று நாலாயிரத்துச் சொச்சம் தகவல் வந்திருந்தது. எல்லாவற்றிலும் எங்கள் நூல்தான் இருந்தது.

"என் நூலுக்கு உசுரு இருக்குதுன்னு முப்பது வருசமா சொல்றேன், யாரு கேட்டீங்க? கேமராவே சொல்லிடுச்சு பாரு" என்றார் கதிர்வேல். நெட் கம்பெனிக்கு அதையே எழுதிக் கொடுக்கட்டுமா என்று ஜினேஷ் கேட்டார். மேனேஜர்கூடச் சிரித்துவிட்டார்.

இத்தனை வந்தும் ஏன் சொல்லவில்லை என்று மேடம் கேட்டார். "ஓயாம டிங் டிங்னு கத்திக்கினே இருந்துச்சு மேடம், அதான் சவுண்டை ஆஃப் பண்ணிட்டேன்" என்றார் குமரகுரு.

எதிர்க்கடை அன்னபட்சி பற்றி மேனேஜர் மறுபடி ஆரம்பித்தார். கோயில் தூணில் இருக்கிற அன்னபட்சி யார் வீட்டுச் சொத்து, உங்கள் அப்பாவும் அங்கே பார்த்துத்தானே இந்த டிசைனைப் போட்டார், பென்சிலும் பேப்பருமாக அவர் கீழே உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன் என்றேன். அதன் பிறகு மேனேஜர் இளவரசியைக் கூப்பிட்டு, எல்லார் முன்னாலும், "தப்பு என்னுதுமா, மனசுல வெச்சுக்காத" என்றார். புகாரைத் திரும்பப் பெறுவதாக மேடத்திடம் எழுதிக் கொடுத்தார். கேமராவை வேறு பக்கம் திருப்பினார்கள்.

இளவரசி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எப்படி ஆயா இத்தனையும் ஞாபகம்?" என்று கேட்டாள். "பெருக்குறவங்களுக்கு ஞாபகம் ஜாஸ்திமா" என்றேன். முதலில் அவளுக்கு முகம் வாடியது, அதன் பிறகு சிரித்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு அவள் டீயில் முழுச் சர்க்கரை போட்டேன். இனியும் போடுவேன்.

யார் மீதாவது நடவடிக்கை வேண்டுமா என்று மேடம் என்னிடமும் கேட்டார். வேண்டாம் என்றேன். மேனேஜர் தப்பைத் தன் வாயால் சொல்லிவிட்டார், அவரை விட்டுவிட்டேன். ஆனால் அந்தத் திங்கட்கிழமை கைப்பையைக் கொட்டிய மேஜைக்கு எதிரில், நாலாயிரம் தகவலையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒருவர் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார். அந்தப் பெண் பொறுக்கிக்கொண்டிருக்கும்போதே என்னிடம் இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டார். விவரம் தெரியாமல் நானும் ஊற்றினேன்.

நான் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் மட்டுமே சொல்லியிருக்கிறேன். எழுதியதைப் படித்துக் காட்டினார்கள், இரண்டு இடத்தில் திருத்தச் சொன்னேன், திருத்தினார்கள், இப்போது சரியாக இருக்கிறது. நான் மன்னிக்காதவர் பெயர் விசாரணைக்குத் தேவையில்லை என்று மேடம் சொன்னார். எனக்குத் தேவை, கையெழுத்துக்கு மேலே தனி வரியில் எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டதன் பேரில் எழுதப்பட்டது:

குமரகுரு.

(ஒப்பம்) சி. தையல்நாயகி